பதினொரு பொட்டு

யான்பு
சவூதி அரேபியா
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு ரகுநாதன் எழுதுவது.

காது இரைச்சல் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உனக்கு எதுவுமே விழவில்லை என்று உன் மருமகள் நளினி சொன்னாள். அதனால் இனி எழுதியே அனுப்புகிறேன். நீயும் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பிவிடு. எனக்கு இங்கே வெயிலைத் தவிர வேறு நோய் இல்லை.

என்னோடு ஸ்டோரில் வேலை பார்க்கும் ஜெயசீலன் லீவில் ஊருக்குப் போகிறார். வழியில் ஷார்ஜாவில் ஒருநாள் தங்குகிறார். ரோலாவுக்கு வந்து உன்னிடம் ஒரு பெட்டி கொடுப்பார். உள்ளே நாற்பத்தொரு தாள், ஆறு புத்தகம். பத்தொன்பது வருஷமாக நான் சேர்த்த அமெரிக்கச் சரித்திரக் காகிதம் மொத்தமும் அதுதான். உன் பிள்ளை ராஜீவ் கல்யாணத்தில் 'பழைய பேப்பர் ரகு' என்று கூடிச் சிரித்தீர்களே, அதே பேப்பர்.

இப்போது அதைக் கேட்டு ஒருவர் வருகிறார். பெயர் முஆத், ஜோர்டான்காரர். அங்கே ஷார்ஜாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆவணங்களுக்குப் பொறுப்பு. நவம்பரில் உன் வீட்டுக்கு வந்து பார்ப்பார். கறையில்லாமல், கிழிசல் இல்லாமல் இருந்தால் மொத்தமாக எடுத்துக்கொண்டு என் பெயரிலேயே வைப்பார்களாம். ஒரு சுவர் முழுக்கக் காட்சியும் உண்டு.

எனக்கு மார்ச்சில் கான்ட்ராக்ட் முடிகிறது. ரூமைக் காலி செய்ய வேண்டும். பத்மாவோ ஒரு தாளைக்கூட வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள். ஊரில் கரையானும் அவள் கட்சி. முஆத் வேண்டாம் என்றுவிட்டால் இவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

ஆகவே கவனமாகப் படி. வெயில் படக்கூடாது. தண்ணீர் படக்கூடாது. செல்லோடேப் ஒட்டக்கூடாது. பிளாஸ்டிக் உறையில் போடக்கூடாது. லேமினேஷன் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. எண்ணெய்க் கையோடு தொடக்கூடாது. ஏன் எதற்கு என்று கேட்டால் உனக்குப் புரியாது. சொன்னதை மட்டும் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி ரகு

—

ரோலா, ஷார்ஜா
18 ஆகஸ்ட் 2025

தம்பி ரகுநாதனுக்கு அக்கா பானுமதி ஆசிகளோடு எழுதுவது.

இங்கே எல்லாரும் நலமாக இருக்கிறோம். காது மட்டும் பிரஷர் குக்கர் வைத்த மாதிரி ஓயாமல் சத்தம் போடுகிறது. உனக்கு வெயிலில் தலைவலி வராமல் இருந்தால் சரி.

பெட்டி வந்தது. ஜெயசீலனுக்கு இட்லி கொடுத்தேன். ஏழு சாப்பிட்டார். கேம்ப் சாப்பாடு எப்படி இருக்கும் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

என் அலமாரியின் நடுத்தட்டில் இருந்த புடவைகளை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, உன் காகிதங்களை அங்கே வைத்திருக்கிறேன். ஏசி காற்று நேராகப் படாது. கரப்பான் பூச்சிக்கு மருந்தும் வாங்கியாயிற்று.

எனக்குப் புரியாது என்று எழுதியிருந்தாய். ஐந்தாம் வகுப்பில் நான் இரண்டாம் ரேங்க். முதல் ரேங்க் வாங்கியவன் வாத்தியார் பிள்ளை. அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கடிதம் எழுது.

நளினியை ஒரு தாள் படித்துச் சொல்லச் சொன்னேன். அமெரிக்காவில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்த பெண்களுக்குப் போட்ட விதிகளாம், 1848-ஆம் வருஷத்துத் தாள். இரவு பத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், ஞாயிறு கோயிலுக்குப் போயே ஆக வேண்டும், வெளியாள் யாரும் வரக்கூடாது. நளினி படித்துவிட்டு, "நான் படிச்ச ஹாஸ்டலே தேவலை அத்தை" என்றாள். ராஜாக்கள், சண்டைகள்தான் சரித்திரம் என்று நினைத்திருந்தேன். இதையெல்லாம் கூடவா சேர்ப்பாய்? இதில் எது பெரியது, எது சின்னது? எனக்கும் சொல்.

இப்படிக்கு உன் அக்கா

—

யான்பு
9 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஒரு யூனிட்டை நிறுத்தி ரிப்பேர் நடக்கிறது. பன்னிரண்டு மணி நேர டூட்டி. அதனால்தான் தாமதம்.

இரண்டாம் ரேங்க் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்.

எப்படி ஆரம்பித்தீர்கள் என்று முஆத்தும் கேட்டிருந்தார். இங்கிருந்து ரிட்டயராகிப் போன ஒரு அமெரிக்க இன்ஜினியர் குப்பையில் போட்ட பெட்டியில் ஒரு பழைய ரயில் வேலையாளின் பாஸ் இருந்தது. பெயர், உயரம், கண்ணின் நிறம், எந்த கேங், எந்த ஷெட். என் கேட் பாஸிலும் அதேதான் எழுதியிருக்கிறது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். ராஜாவும் சண்டையும் எனக்கு வேண்டாம். வேலைக்குப் போனவர்கள் கையில் இருந்த காகிதம்தான் வேண்டும். கூலி வேலைக்கு ஆள் கூப்பிட்ட நோட்டீஸ், கப்பல் டிக்கெட், மில் விதிகள். இணையத்தில் தேடித் தேடி, பழைய சாமான் விற்பவர்களிடம் கெஞ்சி வாங்கியவை.

எது பெரியது என்று கேட்டாயே. நீல நிறத்தில், நாலாக மடித்த தாள் ஒன்று இருக்கும். 1868-இல் ரயில் பாதை போடப் போன பதினொரு பேரின் வேலை ஒப்பந்தம். ஒருவருக்கும் எழுதத் தெரியாது. குமாஸ்தா பெயரை எழுதியிருக்கிறான். பக்கத்தில் ஒவ்வொருவரும் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். சிலது நேராக, சிலது கோணலாக. மற்ற நாற்பதையும் சேர்த்ததே அதற்குத் துணையாகத்தான். முஆத்தும் அதற்காகத்தான் வருகிறார். நவம்பர் இருபது, வியாழக்கிழமை, காலை பத்து மணி.

அதைத் தொடாதே.

ரகு

—

ரோலா
3 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் ஊரில் பத்மாவுக்கும் சகல நன்மையும் உண்டாகட்டும். என் முழங்கால் பரவாயில்லை.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை. இந்த வீட்டுக்கு நான் வந்து எட்டு வருஷம். ஒவ்வொரு வருஷமும் பூஜையில் வைக்கப் புத்தகம் தேடுவேன். ராஜீவிடம் லேப்டாப்பைத் தவிர ஒன்றும் இல்லை. போன வருஷம் வாஷிங் மெஷின் கையேட்டை வைத்துக் கும்பிட்டோம் என்றால் பார்த்துக்கொள். இந்த வருஷம் எனக்கு அந்தக் குறை இல்லை. என் பட்டுப்புடவையை மடித்துப் போட்டு, உன் ஆறு புத்தகத்தையும் நாற்பத்தொரு தாளையும் வைத்தேன். எதிர் பிளாட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "மாமி, இவ்வளவு பழைய புஸ்தகமா! யார் படிப்பாங்க?" என்றாள். "என் தம்பி" என்றேன். வேறு சொல்ல வேண்டியது இல்லை.

சுண்டல், சர்க்கரைப் பொங்கல். மறுநாள் காலை எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.
பானுமதி

—

யான்பு
4 அக்டோபர் 2025

அக்கா,

உடம்பெல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன்.

கும்பிட்டாய், சரி. தாள் மேல் ஒன்றும் வைக்கவில்லையே? சந்தனம், குங்குமம், பூ, எதுவும்? ஒரே வரியில் பதில் போதும். அந்த நீலத்தாளை மட்டும் விரித்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

உடனே.

ரகு

—

ரோலா
19 அக்டோபர் 2025

தம்பி ரகுவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாளைக்குத் தீபாவளி. அங்கே உங்களுக்கு லீவு கிடையாது என்று தெரியும். ஒரு வாய் இனிப்பாவது சாப்பிடு.

இங்கே லிப்ட் கெட்டு ஆறு நாள் ஆகிறது. நான்கு மாடி ஏறி இறங்கி நளினிக்கு மூச்சு வாங்குகிறது. அவளுக்கு இருமல் வேறு. மைசூர்பாகு செய்தேன், கொஞ்சம் இறுகிவிட்டது. கீழே எக்ஸ்சேஞ்சில் ஊருக்குப் பணம் அனுப்ப வந்த கூட்டம் ரோட்டைத் தாண்டி நிற்கிறது. ராஜீவ் ஆபீசில் ஆளைக் குறைக்கிறார்களாம். இவன் பெயர் இல்லை என்கிறான். முகத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. வெயில் இறங்கிவிட்டது, மாலையில் பார்க்கில் உட்கார முடிகிறது.

படம் கேட்டிருந்தாய். எடுத்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது. எல்லாம் மங்கலாக வந்தது.

பெட்டி பத்திரமாக இருக்கிறது.

அக்கா

—

யான்பு
21 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

தீபாவளிக்கு ஜெயசீலன் கொண்டுவந்த அதிரசத்தில் பாதி சாப்பிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறாய். லிப்ட் தெரிந்தது, மைசூர்பாகு தெரிந்தது, ராஜீவின் முகம் தெரிந்தது. நான் கேட்டது ஒன்று. உன் கடிதத்தை எடுத்த படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தெளிவாக இருக்கிறது. நீலத்தாளை எடுக்கும்போது மட்டும் கை நடுங்கியதா?

பெட்டி பத்திரம் என்கிறாய். தாள்?

நளினிக்குப் போன் செய்தேன். "அத்தைக்கிட்டயே கேட்டுக்குங்க மாமா, என்னை இதுல இழுக்காதீங்க" என்று வைத்துவிட்டாள். அங்கே என்ன நடந்தது? முஆத் வர முப்பது நாள் இருக்கிறது. எதுவானாலும் இப்போதே தெரிந்தால் ஏதாவது செய்யலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்.
ரகு

—

ரோலா
30 அக்டோபர் 2025

தம்பிக்கு,

உன் உடம்பு நலமாக இருக்கட்டும். என் உடம்பைப் பற்றி எழுத இன்று மனமில்லை.

வைத்தேன். சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம். புத்தகங்களுக்கு அட்டையில் ஒன்று. தாள்களுக்கு மேல் மூலையில் ஒன்று. பூஜையில் வைத்த எதற்கும் பொட்டு வைக்காமல் நான் கும்பிட்டதில்லை. அந்த வாஷிங் மெஷின் கையேட்டுக்கும் வைத்தேன்.

நீலத்தாளில் பதினொன்று.

ஏன் என்று கேட்பாய். விரித்தபோது அந்தப் பெருக்கல் குறிகளைப் பார்த்தேன். ஒருத்தன் பேனாவை அழுத்திப் பிடித்துத் தாளையே கீறியிருக்கிறான். எவ்வளவு பயந்து போட்டிருப்பான்! சரஸ்வதி எட்டிக்கூடப் பார்க்காத வீட்டுப் பிள்ளைகள். இன்றைக்காவது பார்க்கட்டும் என்று ஒவ்வொருவன் குறிக்கும் பக்கத்தில் ஒன்று வைத்தேன். அப்போது எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

நாலாம் தேதி உன் கடிதம் வந்ததும் பயந்துபோய், பஞ்சை நனைத்துத் துடைத்தேன். முதல் இரண்டு பொட்டும் கலைந்து சிவப்பாக இழுத்துக்கொண்டது. தாள், வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி எழும்பியது. மேலிருந்து இரண்டாவது குறியும் பாதி போய்விட்டது. நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் தொடவில்லை.

தண்ணீர் படக்கூடாது என்றாய், நீலத்தாளைத் தொடாதே என்றாய். இரண்டையும் மீறியது என் தப்புதான். ஆனால் வெயில், டேப், பிளாஸ்டிக், லேமினேஷன் என்று அவ்வளவு எழுதினாயே, பொட்டு வைக்காதே என்று ஏன் எழுதவில்லை? ஏன் எதற்கு என்று சொல்லியிருந்தால் மிச்சத்தை நானே யோசித்திருப்பேன். சொன்னதை மட்டும் செய் என்றாய். சொல்லாததை என் வழக்கப்படி செய்தேன்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

பானுமதி

—

ரோலா
12 நவம்பர் 2025

ரகுவுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்றாவது தெரிய வேண்டும்.

பதிமூன்று நாள் ஆகிறது. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. படித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். திட்டுவதானால் திட்டு. எதிரே இருந்தால் என்னவெல்லாம் சொல்வாயோ அதையே எழுது. படித்துக்கொள்கிறேன். இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது திட்டுவதைவிடக் கேவலமாக இருக்கிறது.

அந்த முஆத் வர எட்டு நாள்தான் இருக்கிறது. அவரிடம் நான் என்ன சொல்வது?

உன் அக்காதான்

—

யான்பு
16 நவம்பர் 2025

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். டூட்டிக்குப் போகிறேன்.

ஆறேழு முறை எழுதிக் கிழித்தேன். அந்தத் தாளை வாங்க நான் ஓஹியோவில் ஒரு கிழவருக்கு இரண்டு வருஷம் கடிதம் எழுதினேன். அதைச் சொல்லி இனி என்ன ஆகப் போகிறது? கலாஸ், முடிந்தது.

முஆத்தை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் காரணம் கேட்பார். அதனால் இப்படிச் செய்யுங்கள். அவரிடம் நளினி பேசட்டும். வாங்கும்போதே கறை இருந்தது, எப்படி வந்தது என்று தெரியாது என்று சொல்லட்டும். பழைய கறை என்றால் மன்னிப்பார்கள். வைத்திருந்தவர்களே கெடுத்தது என்று தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். நீ அவர் போகும் வரை உள் அறையில் இரு. ஏதாவது பேசிவிடுவாய்.

இதையாவது சொன்னபடி செய்.

ரகு

—

ரோலா
21 நவம்பர் 2025

தம்பி ரகுநாதனுக்கு அக்கா எழுதுவது.

நீ நலமாக இரு. நான் நலம்.

நேற்று முஆத் வந்தார். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்தார். உன் வயதுதான் இருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தார். மனுஷன் முறை தெரிந்தவர்.

நான் உள் அறையில்தான் இருந்தேன். நீ சொன்னபடி. கதவை மட்டும் சாத்தவில்லை.

முதல் தாளை எடுத்ததுமே அவர் கை நின்றுவிட்டது. இது எப்படி வந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். நளினி, "வாங்கும்போதே…" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. பாவம், அவளுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை.

நான் வெளியே வந்தேன்.

"நளினி, நான்தான் வச்சேன்னு சொல்லு."

"அத்தை, மாமா என்ன சொன்னாரு?"

"மாமா சொன்னதும் தெரியும், நான் செஞ்சதும் தெரியும். நீ சொல்லும்மா."

சொன்னாள். அவர் நளினியின் நெற்றியைக் காட்டி, "யே வாலா?" என்றார், இதுதானா என்று இந்தியில். ஆமாம், அதேதான் என்றேன். அப்புறம் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஆனது. டீயை மேஜைக்குப் பக்கத்திலேயே கொண்டுவர விடவில்லை. ஹாலில் நின்று குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

கடைசியில் நளினி மூலம் சொன்னார். இந்தச் சிவப்பு ஈரக்காற்று பட்டால் பக்கத்துத் தாளுக்கும் ஊறுமாம். நாற்பது தாளிலும் அது எழுத்தில்லாத மூலையில் இருப்பதால் நடுவில் தனிக் காகிதம் வைத்துக் காப்பாற்றலாம். ஆறு புத்தகமும் சரி. நீலத்தாளை எடுக்க முடியாது. பொட்டு எழுத்து மேலேயே இருக்கிறது, நனைந்த இடம் நைந்துவிட்டது. "பொட்டை விடுங்க மேடம், தண்ணிதான் கெடுத்துடுச்சு" என்றாராம். அதை நளினி மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாள், உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அப்புறம் ஒரு ஃபாரம். ஒவ்வொரு தாளிலும் என்ன குறை, அது எப்படி வந்தது என்று எழுத வேண்டுமாம். "காரணம் தெரியலைன்னு போட்டுடலாமே அத்தை, மாமா பேருக்கு நல்லது" என்றாள் நளினி, தமிழில். நான் முடியாது என்றேன். 2025 அக்டோபர் ஒன்றாம் தேதி, ஷார்ஜா ரோலாவில், பானுமதி என்பவள் சரஸ்வதி பூஜையில் வைத்த பொட்டு என்று அவரை எழுதச் சொன்னேன். எழுதினார். கீழே கையெழுத்துப் போடும் இடம் வந்ததும், என் பக்கம் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார், கட்டைவிரலுக்கு.

"பேனா குடுங்க" என்றேன்.

நளினி அதை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. பேனாவை இரண்டு கையாலும் கொடுத்தார். தமிழில், முழுப்பெயரும் போட்டேன்.

நாற்பதும் ஆறும் போய்விட்டன. ரசீது இருக்கிறது. உன் கையெழுத்துக்கு ஒரு ஃபாரம் உனக்குத் தபாலில் வரும். நீலத்தாள் இங்கேதான் இருக்கிறது. உனக்கு எது முக்கியமோ அது போகவில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

இதற்கும் பதில் போடமாட்டாய் என்றால் சரி.

பானுமதி

—

யான்பு
7 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு ரகுநாதன் எழுதுவது.

குளிர் வந்துவிட்டது. சளி பிடித்து இரண்டு நாள் லீவு போட்டேன். இப்போது பரவாயில்லை. உன் காதுக்கு ராஜீவை ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்.

ஃபாரம் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பிப்ரவரியில் சுவரில் வைக்கிறார்களாம். வைக்கட்டும். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, முடியவில்லை. நடுவில் ஒரு இடம் காலியாக இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முஆத் தனியாகவும் எழுதியிருந்தார். உங்கள் அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை, அதனால்தான் மற்ற தாள்களை நம்பி எடுத்தேன் என்று எழுதியிருக்கிறார். நான் மறைக்கச் சொன்னது அவருக்குத் தெரியவில்லை. நீ சொல்லவில்லை. நளினியையும் சொல்ல விடவில்லை போலிருக்கிறது. அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

உள் அறையில் இரு என்று எழுதியிருக்கக் கூடாது.

கோபம் போகவில்லை அக்கா. அதையும் சொல்லிவிடுகிறேன். பாதி போன அந்தக் குறி எவனுடையது என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மேலிருந்து இரண்டாவது என்றால் அவன் பெயர் பாட்ரிக். அயர்லாந்துக்காரன். வேறொன்றும் அவனைப் பற்றி எங்கேயும் இல்லை, அந்தக் குறி ஒன்றுதான் இருந்தது.

நீலத்தாள் உன்னிடமே இருக்கட்டும். இனி எந்த நூலகமும் அதைக் கேட்கப் போவதில்லை. மார்ச்சில் ஊருக்குப் போகும்போது ஷார்ஜாவில் இறங்கி ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன். எடுத்துப் போக மாட்டேன்.

வருகிற வருஷப் பூஜைக்கு அதை வைப்பதானால் வை. பாட்ரிக்குக்கு மட்டும் மறுபடியும் ஒன்று வை. துடைக்காதே.

ரகு